கறுப்புத் திரைக்கு டாட்டா... ஜன்னலைத் திறங்க பாஸ்!



ஒரு சின்னக் கேள்வி. ஃபர்ஸ்ட் இயர்ல இருந்து இதுவரைக்கும் சி லேப்ல எத்தனை புரோகிராம் எழுதியிருப்பீங்க? ஃபிபனாச்சி, பாலிண்ட்ரோம், மேட்ரிக்ஸ் பெருக்கல், ஸ்டூடன்ட் மார்க் லிஸ்ட்... ரெக்கார்டு நோட்டே ரெண்டு தேறும். சரி, அத்தனைக்கும் அவுட்புட் எங்கே வந்தது? அதே கறுப்புத் திரை, அதே வெள்ளை எழுத்து! வீட்டுல தம்பி, தங்கச்சிகிட்ட காட்டினா, ‘இதுல எதை க்ளிக் பண்ணணும்?’னு கேட்பாங்க. நாம என்னத்தைச் சொல்றது?

அடுத்து வரும் பாருங்க, மினி புராஜெக்ட். அதுல பட்டன் வேணும், மெனு வேணும், பேர் டைப் பண்ண ஒரு கட்டம் வேணும். இங்கேதான் பல பேர் வண்டியை ரிவர்ஸ் எடுக்கறாங்க. எங்க செட்டுல நான் பார்த்த வரைக்கும் கோடிங் தெரியாம பின்வாங்கினவங்க கம்மி. ‘அந்த லைப்ரரி இன்ஸ்டாலே ஆகலை மச்சி’னு சொல்லிட்டு, நேரா புராஜெக்ட் சென்டர் வாசல்ல போய் நின்னவங்கதான் ஜாஸ்தி. ஆயிரக்கணக்குல பணம் கொடுத்து ஒரு சிடி, ஒரு பைண்டிங் போட்ட ரிப்போர்ட். வைவாவுல எக்ஸ்டெர்னல், ‘இந்த மெஷின்ல ஓட்டிக் காட்டுப்பா’னு சொன்னதும் முகம் வெளுத்துடும்.

ஒரு இன்ஸ்டாலேஷனுக்கு பயந்து நம்ம புராஜெக்ட்டையே அடகு வைக்கணுமா? வேண்டாம். ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க. உபுண்டு போட்ட ஒரு கம்ப்யூட்டர், கொஞ்சம் நெட் பேலன்ஸ், சூடா ஒரு டீ. இது போதும். ஜிடிகே லைப்ரரியை இன்ஸ்டால் பண்ணி, உங்க பேர் போட்ட முதல் ஜன்னலைத் திறந்துடலாம். வாங்க, ஒவ்வொரு படியா ஏறுவோம்.

அது என்ன ஜிடிகே?

நீங்க வீடு கட்டறீங்கன்னு வெச்சுக்குங்க. கதவு, ஜன்னல், தாழ்ப்பாள் எல்லாத்தையும் நாமளே மரம் அறுத்து இழைச்சா செய்யறோம்? கடையில ரெடியா வாங்கிப் பொருத்தறோம். அதே மாதிரி பட்டன், மெனு, ஸ்க்ரோல் பார், டெக்ஸ்ட் பாக்ஸ்னு திரையில தெரியற சாமான்களை எல்லாம் ரெடியா செஞ்சு வெச்சிருக்கற கிடங்குதான் ஜிடிகே. இந்தச் சாமான் ஒவ்வொண்ணுக்கும் பேர், ‘விட்ஜெட்’.

உபுண்டுவுல 2017 அக்டோபர்ல வந்த 17.10 வெர்ஷன்ல இருந்து டெஸ்க்டாப்பே க்னோம்தான். க்னோம் ஆப்ஸ் பெரும்பாலும் ஜிடிகேயில் எழுதப்பட்டவை. போட்டோ எடிட் பண்ற ஜிம்ப், படம் வரையற இங்க்ஸ்கேப் ரெண்டும் ஜிடிகே பிள்ளைகள்தான். ஆக, உங்க மெஷின்ல ஜிடிகே ஏற்கெனவே குடியிருக்கு!

‘அப்புறம் எதுக்கு இன்ஸ்டால் பண்ணணும்?’னு கேட்கறீங்களா? சூப்பர் கேள்வி. வைவாவுலயும் இதையே கேட்கலாம், பதிலைப் பிடிச்சுக்குங்க.

ஒரு மெஸ் இருக்கு. உள்ளே அடுப்பு எரியுது, சாப்பாடு ரெடி. ஆனா, உங்க கையில மெனு கார்டு இல்லை. என்ன இருக்குன்னே தெரியாம எப்படி ஆர்டர் கொடுப்பீங்க? உங்க மெஷின்ல இப்போ இருக்கறது அடுப்படி மட்டும். அதுக்கு ‘ரன்டைம்’னு பேர். மத்தவங்க எழுதின ஆப் ஓடறதுக்கு அது போதும். நாமளே ஆப் எழுதணும்னா மெனு கார்டும் வேணும். அதுதான் ஹெட்டர் ஃபைல்கள். எந்த ஃபங்ஷன் இருக்கு, அதுக்கு என்னென்ன கொடுக்கணும்னு கம்பைலருக்குச் சொல்றது அதுதான். உபுண்டுவுல பேக்கேஜ் பேரோட கடைசியில ‘டெவ்’னு முடிஞ்சா, அது மெனு கார்டு அடங்கின பார்சல்னு அர்த்தம். இந்த ஒரு விஷயம் புரிஞ்சா பாதி கிணறு தாண்டியாச்சு.

வெர்ஷன் பார்த்துட்டு இறங்குங்க

கமாண்டைத் தட்டறதுக்கு முன்னாடி உங்க உபுண்டு எந்த வெர்ஷன்னு செட்டிங்ஸ்ல பாருங்க. ஜிடிகே 4 வெளியானது 2020 டிசம்பர்ல. உபுண்டு 20.04 வந்தது அதே வருஷம் ஏப்ரல்ல. பிள்ளை பிறக்கறதுக்கு முன்னாடி எடுத்த ரேஷன் கார்டுல பிள்ளை பேர் இருக்குமா? அதனால 20.04-ல ஜிடிகே 4 பேக்கேஜைத் தேடி மண்டையை உடைச்சுக்காதீங்க. 22.04-ல ஜிடிகே 4.6 இருக்கு. 24.04-ல 4.14 இருக்கு. இந்த ரெண்டுல ஒண்ணு இருந்தா ஜாலி.

படி 1: லிஸ்ட்டைப் புதுப்பிங்க

டெர்மினலைத் திறங்க. கன்ட்ரோல், ஆல்ட், டி மூணையும் சேர்த்து அழுத்தினா வந்துடும். முதல் கமாண்ட்: ‘சூடோ ஆப்ட் அப்டேட்’. எல்லாமே சின்ன எழுத்து, வார்த்தைக்கு வார்த்தை ஒரு இடைவெளி.

பாஸ்வேர்டு கேட்கும். இங்கே ஒரு விஷயம். நிறைய வெர்ஷன்கள்ல நீங்க டைப் பண்ணும்போது திரையில ஒரு புள்ளிகூட விழாது. கீபோர்டு போச்சுன்னு பதறாதீங்க. பாஸ்வேர்டோட நீளம்கூட பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியக் கூடாதுன்னு செஞ்ச ஏற்பாடு அது. அடிச்சு முடிச்சு என்டர் தட்டுங்க.

இந்தக் கமாண்ட் எதையும் இன்ஸ்டால் பண்ணாது. எந்தப் பேக்கேஜ் எங்கே கிடைக்கும், லேட்டஸ்ட் வெர்ஷன் எதுங்கற பட்டியலை மட்டும் இறக்கும். இதை விட்டுட்டு நேரா இன்ஸ்டாலுக்குப் போனா, பழைய பட்டியலை வெச்சுக்கிட்டு காலி பண்ணின வீட்டுக் கதவைத் தட்டின கதையாகிடும். ‘404’னு எரர் வர்றது பல நேரம் இதனாலதான்.

படி 2: மூணு பேரைக் கூப்பிடுங்க

இப்போ இன்ஸ்டால். ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால்’னு அடிச்சு, அதுக்குப் பக்கத்துலயே மூணு பேக்கேஜ் பேர் கொடுக்கணும்.

ஒண்ணு, ‘பில்ட்-எசென்ஷியல்’. ஜிசிசி கம்பைலர், மேக் எல்லாம் இதுக்குள்ள வந்துடும்.

ரெண்டு, ‘பிகேஜி-கான்ஃபிக்’. இவர்தான் ஊருக்கே வழி சொல்ற அண்ணாச்சி. எந்த லைப்ரரி எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு இவருக்குத்தான் தெரியும்.

மூணு, நம்ம ஹீரோ. ‘லிப்ஜிடிகே-4-டெவ்’. லிப்பும் ஜிடிகேவும் ஒட்டி வரணும், பிறகு ஹைஃபன், 4, மறுபடி ஹைஃபன், டெவ். நடுவுல இடைவெளி கிடையாது. ‘4.0’னு போட்டுடாதீங்க. ஜிடிகே 3-க்கு ‘லிப்ஜிடிகே-3-டெவ்’. ஆனா, ஜிடிகே 2-க்கு மட்டும் ‘லிப்ஜிடிகே2.0-டெவ்’. அதனாலதான் பலருக்கும் இங்கே கை தடுமாறுது.

என்டர் தட்டினதும் ஒரு நீளமான லிஸ்ட் ஓடும். ‘ஒண்ணு கேட்டா ஊரையே கூட்டிட்டு வருதே’னு மலைக்காதீங்க. எழுத்துக்கு ஒரு லைப்ரரி, படத்துக்கு ஒரு லைப்ரரின்னு ஜிடிகேக்குச் சொந்தபந்தம் ஜாஸ்தி. அவங்க எல்லாரோட மெனு கார்டும் கூடவே வரணும். லிஸ்ட்டோட முடிவுல எவ்வளவு எம்பி இறங்கும், டிஸ்க்ல எவ்வளவு இடம் பிடிக்கும்னு சொல்லிட்டு, ‘சரியா?’னு கேட்டு நிக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்ல இருக்கற ஹாஸ்டல் மக்களே, அந்த வரியைப் படிச்சுட்டு ஒய் போடுங்க. பேலன்ஸ் தீர்ந்த பிறகு புலம்பாதீங்க!

‘லாக் எடுக்க முடியலை’னு ஒரு எரர் வந்தா? கம்ப்யூட்டர் ஆன் ஆன கொஞ்ச நேரத்துக்கு உபுண்டு தானாகவே பின்னாடி அப்டேட் பண்ணிக்கிட்டு இருக்கும். ஒரே பாத்ரூம், உள்ளே ஆள் இருக்கு, அவ்வளவுதான் மேட்டர். அஞ்சு பத்து நிமிஷம் பொறுங்க. லாக் ஃபைலை டெலிட் பண்ணச் சொல்லி சீனியர் யாராவது ஐடியா கொடுத்தா, கையெடுத்துக் கும்பிட்டுட்டு விலகிடுங்க. பாதி வேலையில கதவை உடைச்சா மொத்தப் பேக்கேஜ் கணக்கும் குளறுபடியாக வாய்ப்பு உண்டு.

படி 3: வந்துட்டாரான்னு செக் பண்ணுங்க

கண்ணை மூடிக்கிட்டு அடுத்த படிக்குப் போகாதீங்க. ‘பிகேஜி-கான்ஃபிக்’னு அடிச்சு, இடைவெளி விட்டு, ரெண்டு ஹைஃபனோட ‘மாட்வெர்ஷன்’, மறுபடி இடைவெளி விட்டு ‘ஜிடிகே4’. இந்த இடத்துல பேர் ஒட்டி வரணும், ஹைஃபன் கிடையாது.

4.6 அல்லது 4.14-னு ஆரம்பிக்கற நம்பர் வந்தா கைதட்டிக்கலாம். ‘பேக்கேஜ் கிடைக்கலை’னு வந்தா, டெவ் பேக்கேஜ் உள்ளே வரலைன்னு அர்த்தம். ரெண்டாவது படிக்குத் திரும்பி ஸ்பெல்லிங்கைப் பாருங்க.

படி 4: முதல் ஜன்னல்

ஒரு சி ஃபைல் திறங்க. மேலே ஜிடிகே ஹெட்டரை இன்க்ளூட் பண்ணுங்க. புரோகிராம்ல ரெண்டே ஃபங்ஷன். ஒண்ணு மெயின், இன்னொண்ணு நாம எழுதற ‘ஆக்டிவேட்’.

மெயின்ல மூணு வேலை. முதல்ல ‘அப்ளிகேஷன்’ ஒண்ணை உருவாக்கணும். அதுக்கு ஒரு அடையாளப் பேர் கொடுக்கணும், அந்தப் பேர்ல குறைஞ்சது ஒரு புள்ளி இருக்கணும். இணையதள முகவரியைத் தலைகீழாப் போட்டா எப்படி இருக்குமோ அந்த மாதிரி. அடுத்து, ‘ஆக்டிவேட்’ங்கற சிக்னல் வந்தா நம்ம ஃபங்ஷனைக் கூப்பிடுன்னு இணைச்சு விடணும். கடைசியா ‘ரன்’ பண்ணணும்.

ஆக்டிவேட்டுக்குள்ள ஜன்னலை உருவாக்குங்க, டைட்டில் வைங்க, நீளம் அகலம் கொடுங்க, ஒரு பட்டனைச் செஞ்சு ஜன்னலுக்குக் குழந்தையா ‘செட் சைல்டு’ பண்ணுங்க. முடிவா ‘பிரசன்ட்’. ஆமா, அட்டெண்டன்ஸ்ல சொல்ற அதே பிரசன்ட்தான். அதைச் சொன்னாத்தான் ஜன்னல் முன்னால வந்து நிக்கும்.

இதுவரைக்கும் நாம எழுதின புரோகிராமுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணு இருக்கு. பழைய புரோகிராம்ல ஸ்கேன்எஃப் போட்டு நாம கேட்போம், யூஸர் பதில் சொல்வார். நாமதான் ராஜா. இங்கே யூஸர்தான் ராஜா. அவர் எப்போ க்ளிக் பண்ணுவார், எதை க்ளிக் பண்ணுவார்னு தெரியாது. அதனால ‘ரன்’ ஆனதும் ஜிடிகே ஒரு சுழற்சியில போய் உட்கார்ந்து காத்துக்கிட்டே இருக்கும். க்ளிக் விழுந்தா, அதுக்குன்னு நாம இணைச்சு வெச்ச ஃபங்ஷனைக் கூப்பிடும். அதுக்குப் பேர்தான் ‘கால்பேக்’. கூப்பிட்ட வேலை முடிஞ்சாத்தான் அது அடுத்த க்ளிக்கை கவனிக்கும். அதனால பட்டனோட ஃபங்ஷனுக்குள்ள பத்து செகண்ட் ‘ஸ்லீப்’ போட்டீங்கன்னா, பத்து செகண்டுக்கு ஜன்னலே உறைஞ்சுடும். ‘ஆப் பதில் சொல்லலை’னு உபுண்டு பெட்டி போட்டுக் காட்டும். வைவாவுல இதைச் சொன்னீங்கன்னா எக்ஸ்டெர்னல் நிமிர்ந்து உட்காருவார்!

படி 5: கம்பைல்... இங்கேதான் கிளைமாக்ஸ்

கமாண்டோட வரிசை இதுதான். ஜிசிசி, உங்க சி ஃபைல் பேர், மைனஸ் ஓ, நீங்க வைக்கற அவுட்புட் பேர். அதுக்கப்புறம் டாலர் குறி போட்டு, பிறை அடைப்புக்குள்ள பிகேஜி-கான்ஃபிக் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, ரெண்டு ஹைஃபனோட ‘சிஃப்ளாக்ஸ்’, ரெண்டு ஹைஃபனோட ‘லிப்ஸ்’, முடிவுல ஜிடிகே4. டாலர் அடைப்புக்குள்ள இருக்கறதை ஷெல் முதல்ல ஓட்டி, வந்த பதிலை அந்த இடத்துலயே ஒட்டிடும். சிஃப்ளாக்ஸ், மெனு கார்டு எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு சொல்லும். லிப்ஸ், எந்தெந்த லைப்ரரியோட இணைக்கணும்னு சொல்லும்.

வரிசை முக்கியம் அமைச்சரே! லைப்ரரி பேரை முன்னாடியும் உங்க ஃபைலைப் பின்னாடியும் போட்டீங்கன்னா, ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’னு பக்கம் பக்கமா எரர் கொட்டும். ஏன்னா, லிங்க்கர் இடமிருந்து வலமா படிக்கும். மளிகைக் கடைக்காரர் மூட்டையைத் திறந்து காட்டறார், அப்போ யாரும் எதுவும் கேட்கலை. அவரும் மூட்டையைக் கட்டிட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் நீங்க லிஸ்ட்டை நீட்டினா யார் கொடுப்பா? லிஸ்ட் முதல்ல, கடை பிறகு. உங்க சி ஃபைல்தான் லிஸ்ட்.

எரர் டாக்டர்

சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் டெர்மினலை மூடாதீங்க. நூறு வரி வந்தாலும் முதல் எரரை மட்டும் படிங்க. மீதி பெரும்பாலும் அதோட வால்தான்.

‘அந்த ஹெட்டர் ஃபைல் இல்லை’னு வந்தா: டெவ் பேக்கேஜ் இல்லை, இல்லாட்டி கமாண்டுல சிஃப்ளாக்ஸை விட்டுட்டீங்க.

‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’னு வந்தா: கம்பைல் ஆகிடுச்சு, இணைப்புலதான் கோளாறு. லிப்ஸ் இருக்கா, வரிசை சரியான்னு பாருங்க.

‘டிஃபால்ட் ஃப்ளாக்ஸ்’ தெரியாதுன்னு வந்தா: 22.04 வெச்சிருக்கவங்களுக்கு வர்ற ஸ்பெஷல் தலைவலி இது. அப்ளிகேஷன் உருவாக்கும்போது கொடுக்கற அந்தப் பேர் ஜிலிப் 2.74-லதான் வந்தது. 22.04-ல இருக்கறது ஜிலிப் 2.72. அந்த இடத்துல பழைய பேரான ‘ஃப்ளாக்ஸ் நன்’ போட்டா கம்முனு கம்பைல் ஆகும்.

‘ஜிடிகே மெயின்’, ‘கன்டெய்னர் ஆட்’, ‘ஷோ ஆல்’ தெரியாதுன்னு வந்தா: நீங்க காப்பியடிச்ச உதாரணம் ஜிடிகே 2 அல்லது 3 காலத்துது. இந்த மூணையும் ஜிடிகே 4-ல தூக்கிட்டாங்க. மெயினுக்குப் பதிலா அப்ளிகேஷனோட ரன். கன்டெய்னர் ஆடுக்குப் பதிலா செட் சைல்டு மாதிரி அந்தந்த விட்ஜெட்டோட சொந்த ஃபங்ஷன். ஷோ ஆல் தேவையே இல்லை, விட்ஜெட் எல்லாம் பிறக்கும்போதே கண்ணுக்குத் தெரியற மாதிரிதான் பிறக்கும். ஜிடிகே 4 வந்த கையோட ஜிடிகே 2-க்கு ஆதரவு நின்னுபோச்சு. பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதறவங்க இதை மனசுல வைங்க.

தமிழ்ல எழுதுங்க பட்டனை!

இப்போ ஒரு ஜாலி வேலை. பட்டன் மேலே ‘ஓகே’னு போடாம, ‘கொஞ்சம் பொறு’னு தமிழ்ல போட்டுப் பாருங்க. ஃபைலை யூடிஎஃப்-8 ஆக சேவ் பண்ணினா போதும், ஜிடிகே எதிர்பார்க்கறதும் அதுதான். அழகா வரும்.

இதுல என்ன அதிசயம்? ‘கொ’ங்கற எழுத்தை கவனிங்க. கம்ப்யூட்டர் மெமரியில முதல்ல ‘க’ இருக்கும், அடுத்து ஒகரக் குறி இருக்கும். ஆனா, திரையில என்ன வரணும்? கொம்பு க-வுக்கு முன்னாடி, கால் க-வுக்குப் பின்னாடி. ஒரே குறியை ரெண்டா உடைச்சு, ஒண்ணை முன்னாடி கொண்டுபோய் வைக்கணும். இங்கிலீஷ்ல இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. இதை நமக்காக ‘ஹார்ஃப்பஸ்’ங்கற லைப்ரரி செய்யுது. வரிகளை அடுக்கறது ‘பாங்கோ’வோட வேலை. டெவ் பேக்கேஜ் கூட்டிட்டு வந்த சொந்தபந்தத்துல இவங்களும் இருக்காங்க. பாங்கோங்கற பேர்ல ‘பான்’ கிரேக்கம், ‘கோ’ ஜப்பானிய மொழி. ‘எல்லா மொழியும்’னு பொருள் வர்ற மாதிரி வெச்ச பேர். உங்க ஆண்ட்ராய்டு போன்லயும் க்ரோம் பிரவுசர்லயும் தமிழ் எழுத்தைச் சரியா அடுக்கறதும் ஹார்ஃப்பஸ்தான்.

எழுத்துக்குப் பதிலா கட்டம் கட்டமா வந்தா கோடிங்கைக் குறை சொல்லாதீங்க. தமிழ் ஃபான்ட் இல்லைன்னு அர்த்தம். லோஹித் தமிழ் மாதிரி ஒரு இலவச ஃபான்ட்டைப் போட்டா சரியாகிடும்.

யோசிச்சுப் பாருங்க. ஊர்ல இருக்கற மளிகைக் கடை அண்ணாச்சிக்கு ஒரு பில் போடற ஆப் செஞ்சு கொடுக்கறீங்க. பட்டன் எல்லாம் தமிழ்ல இருந்தா அவர் யாரையும் கேட்காம அவரே ஓட்டுவார். அந்த சந்தோஷத்தை எந்த இன்டெர்னல் மார்க்கும் கொடுக்காது.

இதைச் செஞ்சதும் ஸ்டூடன்ட்ஸ்தான்!

ஜிடிகே பிறந்த கதை நமக்கு ரொம்ப நெருக்கமானது. அமெரிக்காவுல பெர்க்லி, கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ்னு ரெண்டு ஸ்டூடன்ட்ஸ். கம்பைலர் பேப்பருக்கு லிஸ்ப்ல புராஜெக்ட் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. நம்மளை மாதிரியே தூக்கமில்லாத ராத்திரி. 17 எம்பி மெமரி கிடைக்காம லிஸ்ப் படுத்துடுச்சு. வெறுத்துப்போனவங்க, உருப்படியா வேற ஏதாவது எழுதுவோம்னு 1995-ல ஆரம்பிச்சதுதான் ஜிம்ப்.

முதல்ல ஜிம்ப்போட பட்டன், மெனுவுக்கெல்லாம் அவங்க பயன்படுத்தினது ‘மோட்டிஃப்’ங்கற லைப்ரரி. அப்போ அது காசு கொடுத்து லைசன்ஸ் வாங்கற சரக்கு. அது சரிப்படாம மாட்டிஸ் சொந்தமா ஒரு விட்ஜெட் கிடங்கை எழுத ஆரம்பிச்சார். அதுதான் ‘ஜிம்ப் டூல்கிட்’, சுருக்கமா ஜிடிகே. 1998-ல 1.0 வெளியாச்சு. காசு கேட்ட மோட்டிஃப் 2012-லதான் கட்டற்ற மென்பொருளா மாறுச்சு.

நடுவுல 1997 ஆகஸ்ட்ல மெக்சிகோவுல மிகுவெல் டி இகாசா, ஃபெடரிகோ மெனா ரெண்டு பேரும் க்னோம் டெஸ்க்டாப்பை ஆரம்பிச்சாங்க. ஏற்கெனவே இருந்த கேடிஇ டெஸ்க்டாப், ‘க்யூட்’ங்கற லைப்ரரியை நம்பி இருந்தது. அன்னிக்கு க்யூட்டோட லைசன்ஸ் முழுசா கட்டற்றதா இல்லை. அதனால இவங்க கையில எடுத்தது ஜிடிகே. 2009-ல க்யூட்டும் எல்ஜிபிஎல் லைசன்ஸுக்கு வந்தது வேற கதை. சி++ பிரியர்கள் தாராளமா அதையும் முயற்சி பண்ணலாம்.

ஜிடிகேயோட லைசன்ஸும் எல்ஜிபிஎல்தான். அதாவது, லைப்ரரியைத் தனியா இணைச்சு, லைசன்ஸ் நிபந்தனைகளை மதிச்சு நடந்தா, நீங்க எழுதற ஆப்பை விற்கக்கூட செய்யலாம். ஜிடிகேக்கு ஒரு பைசா கட்ட வேண்டாம்.

உபுண்டு இல்லையா? பைத்தான் பார்ட்டியா?

விண்டோஸ் மக்களுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, ‘எம்சிஸ்2’. அதை இன்ஸ்டால் பண்ணி, யூசிஆர்டி64 டெர்மினலைத் திறந்து, ‘பேக்மேன்’ மூலமா ஜிடிகே4-ஐயும் கம்பைலர் தொகுப்பையும் இறக்கலாம். செஞ்ச ஆப் அந்த டெர்மினலுக்குள்ள ஓடும். அதே எக்ஸி ஃபைலை பென் டிரைவ்ல போட்டு ஃப்ரெண்டு மெஷின்ல டபுள் க்ளிக் பண்ணினா, ‘டிஎல்எல் காணோம்’னு கத்தும். தேவையான டிஎல்எல்களையும் கூடவே அனுப்பணும். வைவாவுக்கு முந்தின நாளே வேற மெஷின்ல ஓட்டிப் பார்த்துடுங்க. ரெண்டாவது வழி, விண்டோஸ் 11-ல டபிள்யூஎஸ்எல் போட்டு அதுக்குள்ள உபுண்டு. மேலே சொன்ன படிகள் அப்படியே வேலை செய்யும், ஜன்னலும் விண்டோஸ் திரையிலயே திறக்கும்.

பைத்தான் பார்ட்டிகளுக்கு கம்பைல் தொல்லையே இல்லை. ‘பைத்தான்3-ஜிஐ’, கூடவே ஜிடிகே 4-க்கான ‘ஜிஐஆர்’ பேக்கேஜ். ரெண்டையும் ஆப்ட் மூலமாவே போடுங்க. 24.04-ல நேரா பிப் இன்ஸ்டால் போனா, ‘இது சிஸ்டம் நிர்வகிக்கற பைத்தான், கை வைக்காதே’னு விரட்டிடும்.

ஹாஸ்டல் டிப்ஸ்: ரூம்ல நாலு பேருக்கும் ஜிடிகே வேணும், நெட் ஒருத்தன்கிட்டதான் இருக்கா? அவன் ‘ஆப்ட்’டுக்குப் பதிலா ‘ஆப்ட்-கெட்’ பயன்படுத்தட்டும். ஆப்ட், இன்ஸ்டால் முடிஞ்சதும் இறக்கின டெப் ஃபைலை அழிச்சுடும். ஆப்ட்-கெட் பத்திரமா வெச்சிருக்கும். வார் ஃபோல்டருக்குள்ள கேஷ், அதுக்குள்ள ஆப்ட், அதுக்குள்ள ஆர்க்கைவ்ஸ். அங்கே இருக்கறதை பென் டிரைவ்ல அள்ளிக் கொடுக்கலாம். எல்லாரோட உபுண்டுவும் ஒரே வெர்ஷனா இருக்கணும். அவன் மெஷின்ல ஏற்கெனவே இருந்த பேக்கேஜ் அந்த ஃபோல்டர்ல இருக்காதுங்கறதையும் ஞாபகம் வைங்க.

இந்த வார வேலை

‘ஜிடிகே-4-எக்ஸாம்பிள்ஸ்’னு ஒரு பேக்கேஜ் இருக்கு. அதைப் போட்டுட்டு டெர்மினல்ல ‘ஜிடிகே4-டெமோ’னு தட்டுங்க. விட்ஜெட்டுகளோட கண்காட்சியே திறக்கும், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துலயே சோர்ஸ் கோடும் இருக்கும். பொருட்காட்சிக்குப் போன மாதிரி ஒரு ரவுண்டு வாங்க. பிடிச்ச ஒரு விட்ஜெட்டை எடுத்து உங்க ஜன்னல்ல மாட்டுங்க. ஃபர்ஸ்ட் இயர்ல எழுதின அந்த மார்க் லிஸ்ட் புரோகிராமைத் தேடி எடுத்து, அதுக்கு ரெண்டு பட்டனும் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸும் வைங்க. மினி புராஜெக்ட்டுக்கு அதுவே பிள்ளையார் சுழி.

ரன்டைமுக்கும் டெவ்வுக்கும் என்ன வித்தியாசம், லிங்க்கர் ஏன் வரிசை பார்க்குது, கால்பேக்ல ஏன் தூங்கக் கூடாது. இந்த மூணுக்கும் உங்க வார்த்தையில பதில் சொல்ல முடிஞ்சா, எந்த எக்ஸ்டெர்னல் வந்து ‘இந்த மெஷின்ல ஓட்டிக் காட்டு’னு சொன்னாலும் தில்லா கீபோர்டைப் பக்கத்துல இழுத்துக்கலாம். புராஜெக்ட் சென்டருக்கு எடுத்து வெச்ச காசுல டீமோட பிரியாணி சாப்பிடுங்க.

ஆல் தி பெஸ்ட்!